அம்புக்குறி இல்லாத விசைப்பலகை

என் முதுகலை வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் இருந்தார். கணினிக்கூடத்தில் அமர்ந்ததும் சுட்டியை மேசையின் ஓரத்திற்குத் தள்ளிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். திரை தெரியாதவர் எதைச் சுட்டுவது? விசைப்பலகையின் வரலாற்றைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியவர் அவரே.

தொடக்கத்தில் எல்லோரும் அவரைப் போலத்தான் கணினியை இயக்கினர். 1976இல் பெர்க்லியில் பில் ஜாய் ‘விஐ’ என்னும் தொகுப்பானை எழுதியபோது, அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. இன்றும் அத்தொகுப்பானில் நகர்வதற்கு அந்நான்கு எழுத்துகளே. 1978இல் வந்த வேர்ட்ஸ்டாரில் கண்ட்ரோல் விசையோடு இ, எஸ், டி, எக்ஸ். (சுட்டியைப் படைத்த டக்ளஸ் எங்கல்பார்ட்டும் 1968ஆம் ஆண்டுச் செயல்விளக்கத்தில் வலக்கையில் சுட்டியும் இடக்கையில் ஐந்து விசைகளுமாகவே அமர்ந்திருந்தார். இதை எவரும் சொல்வதில்லை!)

1984இல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் வந்தது. அதன் விசைப்பலகையில் அம்புக்குறி விசைகளே இல்லை. மறதியன்று. அவை இருந்தால் பழைய மென்பொருள்களை அப்படியே கொண்டுவந்துவிடுவார்கள், சுட்டியை யாரும் தொடமாட்டார்கள் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் கருதினார். 1986இல் மெக்கின்டாஷ் பிளஸ்ஸில் அவ்விசைகள் திரும்பி வந்தன.

பார்வையற்றோர்க்கு இழப்பு இதனினும் பெரிது. டாஸ் காலத்தில் திரையிலுள்ள எழுத்து, நினைவகத்திலும் எழுத்தாகவே இருந்தது. எடுத்துக் குரலாக்கினால் போதும். விபத்தில் பார்வையிழந்த டெட் ஹென்டரின் நிறுவனம் 1989இல் வெளியிட்ட ‘ஜாஸ்’ அவ்வாறே வாசித்தது. விண்டோஸில் எழுத்து, புள்ளிகளால் வரைந்த படமாயிற்று. படத்தை எப்படி வாசிப்பது? வரைவதற்கான கட்டளையை வழியிலேயே இடைமறித்து, திரையின் நிழற்படி ஒன்றைத் திரைவாசிப்பான் தனக்கென எழுதிவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. விண்டோஸுக்கான ஜாஸ் 1995இல்தான் வந்தது.

நல்வாய்ப்பாக, ஐபிஎம் 1987இல் வகுத்த இடைமுக நெறிகள் விசைகளைக் கைவிடவில்லை. ஆல்ட் விசையோடு அடிக்கோடிட்ட எழுத்தை அழுத்திப் பட்டியைத் திறக்கும் வழக்கத்தை விண்டோஸும் பின்பற்றியது. 2006இல் ஆஸ்திரேலியரான மைக்கேல் கரன், தாமும் பார்வையற்றவர், ‘என்விடிஏ’ என்னும் இலவசத் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். என் மாணவர் பயன்படுத்தியது அதைத்தான்.

ஒருமுறை உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பித்தார். கடைசி நாள். டேப் விசையாலேயே எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டார். ‘சமர்ப்பி’ என்னும் பொத்தானுக்கு மட்டும் டேப் செல்லவேயில்லை; சுட்டிக்கு மட்டுமே செவிசாய்க்கும்படி அதை அமைத்திருந்தார்கள். ஓரத்தில் கிடந்த சுட்டியை இழுத்து நான்தான் அழுத்திக்கொடுத்தேன். அடுத்த மாதம் வேறொரு விண்ணப்பத்திற்கும் அழைத்தார்.