மருமகன் அனுப்ப நினைத்த ரேடியோ

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் வாசியுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் நாட்டைப் புரட்டிப்போட்ட நாட்களில் தாராபுரத்தில் கரண்ட் இல்லை. போனில் சிக்னல் வரும், போகும். ஊரில் இருந்த எங்களைவிட வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் கூடப் பதற்றம். கனடாவில் இருக்கும் என் மருமகன், ராத்தாவின் மகன், சிக்னல் சரியானதும் எனக்கு ஒரு படம் அனுப்பினார். கையளவு பெட்டி, முன்னால் ஒரு சின்னத் திரை, மேலே அன்டெனா.

"மாமா, இது ஸ்கேனர். பொலிஸ், அம்பியூலன்ஸ், பயர் எல்லாரும் பேசுறது இதுல கேக்கும். பாவிக்கிறது லேசு. ஊர்ட போஸ்ட் கோட அடிச்சாச் சரி. ஒண்டு வாங்கி அனுப்பட்டா?"

உடனே ஓம் என்று சொல்லத்தான் விரல் போனது. புயல் இரவில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு இப்படி ஒரு பெட்டி வேண்டாமா? ஆனாலும் மூன்று நாள் யோசித்தேன். வரலாறு படிப்பிக்கிறவனுக்கு எதையும் பின்னோக்கிப் பார்க்கிற வியாதி உண்டு. கலாசாலையில் பிடித்த பழக்கம், இன்னும் போகவில்லை.

1928இல் அமெரிக்காவின் டெட்ரொய்ட் நகரப் பொலிஸ் தன் கார்களுக்கு ரேடியோ மூலம் கட்டளை அனுப்பத் தொடங்கியது. நிலையம் பேசும், கார் கேட்கும், திருப்பிப் பேச முடியாது. 1933இல் நியூ ஜெர்சியின் பேயோன் நகரில்தான் காரிலிருந்தும் பதில் பேசும் முறை வந்தது. அன்றைய பொலிஸ் அலைவரிசை சாதாரண ஒலிபரப்பு அலைவரிசைக்குப் பக்கத்திலேயே இருந்ததால், வீட்டு ரேடியோவின் முள்ளைக் கடைசி வரை திருப்பினால் திருடன் எந்தத் தெருவில் ஓடுகிறான் என்று சமையலறையில் இருந்தே கேட்கலாம். ஒட்டுக்கேட்பது பொழுதுபோக்கானது அப்படித்தான். பிறகு பொலிஸ் வேறு அலைவரிசைகளுக்குப் போனது, மக்கள் அதற்கென்றே தனிப் பெட்டி வாங்கினார்கள். 2010இல் யுனிடென் கம்பெனி ஹோம்பெட்ரோல் என்ற ஒன்றை விற்பனைக்கு விட்டது. மருமகன் சொன்ன "லேசு" அதில் வந்ததுதான். தபால் குறியீட்டை அடித்தால் அந்தப் பகுதியின் பொலிஸ், தீயணைப்பு அலைவரிசைகளைப் பெட்டியே எடுத்துக்கொள்ளும்.

பெட்டிக்கு அந்த அறிவு எங்கிருந்து வந்தது? ஆயிரக்கணக்கான ஆர்வலர்கள் வருடக்கணக்காகத் தேடித் தொகுத்த பட்டியல் அதற்குள் இருக்கிறது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் உரிய பட்டியல். அதில் மன்னாரின் 41000ஐ அடித்தால் ஒன்றும் வராது. அங்கேயும் இப்போது கதவுகள் மூடப்படுகின்றன. நியூயோர்க் பொலிஸ் 2023இலிருந்து தன் பேச்சை மறைகுறியாக்கத் தொடங்கிவிட்டது. மறைகுறியாக்கினால் எந்த ஸ்கேனரிலும் வெறும் இரைச்சல்தான்.

அடுத்தது சட்டம். நம் நாட்டில் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க தொலைத்தொடர்புச் சட்டம் இருக்கிறது. அலை அனுப்பும் கருவியைப் பாவிக்க லைசன்ஸ் வேண்டும். வானொலிக் கருவிகளைக் கொண்டுவர, விற்க அனுமதி வேண்டும். நமக்கு அனுப்பப்படாத செய்தியை இடைமறிப்பது குற்றம். "நான் கேக்க மட்டுந்தானே செய்றேன்" என்று சுங்கத்தில் நின்று வாதாடலாம். யார் வாதாடுகிறார் என்பதையும் பார்ப்பார்கள். வெறும் பாட்டுக் கேட்கிற ரேடியோப் பெட்டிக்கே ஒரு காலத்தில் தபாற்கந்தோரில் லைசன்ஸ் எடுக்க வேண்டியிருந்த நாடு இது.

2019 மே மாதம், ஈஸ்டர் குண்டுவெடிப்புகள் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் உடுத்திருந்த உடுப்பில் இருந்தது கப்பலின் சுக்கான் படம். அதைத் தர்மச்சக்கரம் என்று சொல்லிக் கைது செய்து விளக்கமறியலில் வைத்தார்கள். அந்த நாட்களில் எத்தனை வீடுகளில் பழைய சீடிக்களையும் அரபு எழுத்துள்ள தாள்களையும் எடுத்து எரித்தோம் என்பது நமக்குத் தெரியும். சுக்கான் படத்துக்கே அந்த நிலை என்றால், பொலிஸ் பேசுவதைக் கேட்கும் பெட்டியோடு ஒரு முஸ்லிம் வாத்தியார் பிடிபட்டால் என்ன விளக்கம் கொடுப்பது? போஸ்ட் கோட் அடிச்சேன் சேர், தானா வந்திச்சு என்றா?

பயத்தால் மட்டும் வேண்டாம் என்று முடிவெடுக்க எனக்கு விருப்பமில்லை. அதனால் வாப்பாவிடம் கேட்டேன். வாப்பாவைப்போல ரேடியோ கேட்டவர் எங்கள் தெருவில் இல்லை. முஸ்லிம் சேவை, பிபிசி தமிழோசை, வெரித்தாஸ் எதையும் விட மாட்டார்.

1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. அங்கே வேலைக்குப் போயிருந்தவர்களின் வீட்டார் வாப்பாவின் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். சதாமின் படை எங்கே நிற்கிறது, எந்த எல்லை திறந்திருக்கிறது, எல்லாம் தெரியும். ஒக்டோபர் கடைசியில் மன்னார்த் தீவுக்குள் ஒலிபெருக்கி வந்தது. முஸ்லிம்கள் எல்லாரும் 28ஆம் திகதிக்குள் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகளின் அறிவித்தல். எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம், எல்லா ஊருக்கும் ஒரே உத்தரவு. குறித்த அளவு உடுப்புக்கும் காசுக்கும் மேல் எடுத்துப்போகத் தடை. மாத முடிவுக்குள் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறக்குறைய 75,000 பேர் துரத்தப்பட்டார்கள். நம்மவர்கள் கடற்கரையில் காத்துக்கிடந்து வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். கடலிலேயே குழந்தையைப் பறிகொடுத்த குடும்பங்களும் உண்டு. வாப்பாவின் ரேடியோ வீட்டிலேயே நின்றுவிட்டது. நான் பிறந்தது 1992இல், புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில்.

"ஸ்கேனர் மாதிரி ஒண்டு அண்டைக்கு உங்களிட்ட இருந்திருந்தா, வாப்பா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ரெண்டு நாள் முந்தித் தெரிஞ்சிருக்கும். ரெண்டு நாள் கூட அழுதிருப்பம். பக்கத்து வீட்டுத் தமிழ்ச் சனமும் அழுதிச்சிதான். அவங்களுக்கும் முந்தித் தெரியா. எங்களுக்கு எண்டு பேச ஒருத்தரும் இருக்கல்ல மகன், அதுதான் கொற."

இதில் ஒரு சின்ன விசயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. இன்று நம் நாட்டின் இலவச அம்பியூலன்சுக்கு, சுவசெரியவுக்கு, அழைக்கும் இலக்கம் 1990. 2018இல் வடக்குக்கும் வந்தது. நல்ல சேவை, எத்தனையோ உயிரைக் காப்பாற்றுகிறது. ஆனால் வாப்பா அந்த இலக்கத்தைத் தன் போனில் எண்ணாகப் பதிந்துவைக்க மாட்டார். "அது எனக்கு மறக்காது" என்பார்.

வாப்பாவின் வாப்பாவுக்கும் ஒரு கதை இருந்தது. அது 1964. டிசம்பர் 22ஆம் திகதி இலங்கையின் வடக்கைக் கடந்த புயல், அன்றிரவே பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் தனுஷ்கோடியைத் துடைத்தெடுத்தது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் 30 கிலோமீற்றர். இரண்டு இறங்குதுறைக்கும் நடுவில் கப்பல் ஓடியது, இரண்டு பக்கமும் ரயில் வந்து நின்றது. அந்த இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653ஆம் இலக்க பயணிகள் ரயில், ஊரை நெருங்கிய இடத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. தந்தியும் தொலைபேசியும் அறுந்துகிடந்ததால் அந்தச் செய்தி வெளியுலகுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. இந்தக் கரையில் நின்றவர்களுக்கு அந்தக் கரையில் ஒரு பட்டினமே இல்லாமல் போனது உடனே தெரியவில்லை. அப்போது ஒட்டுக்கேட்கக்கூட அலையில் ஒன்றும் இல்லை. அந்த இருட்டில் பேசியவன் எவனும் இல்லை.

இதையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு டைட்டானிக் ஞாபகம் வந்தது. 1912 ஏப்ரல். மூழ்கும் கப்பல் உதவி கேட்டு வயர்லெஸ்ஸில் கத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் கலிஃபோர்னியன் என்ற கப்பல் நின்றது. அதன் ஒரே வயர்லெஸ் ஒப்பரேட்டர் வேலை முடிந்து கருவியை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டார். தூரத்தில் இருந்த கார்ப்பேதியாவின் ஒப்பரேட்டர் படுக்கப் போகும் நேரத்தில் காதில் போட்டிருந்த கருவியைக் கழற்றாமல் இருந்ததால் 700 பேரளவில் பிழைத்தார்கள். அதற்குப் பிறகுதான் 1914இல் உலக நாடுகள் கூடி, கடலில் யாராவது ஒருவர் இரவும் பகலும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று விதி செய்தன. இன்று வள்ளத்தில் வைக்கும் விஎச்எஃப் செட்டில் 16ஆம் சனல், 156.8 மெகாஹேர்ட்ஸ், அந்த விதியின் பேரப்பிள்ளைதான். பொலிஸ் அலைவரிசையில் நாம் கேட்டால் அத்துமீறல். 16ஆம் சனலில் கேட்காமல் இருந்தால்தான் குறை.

2004 சுனாமியிலும் இதுதான் நடந்தது. அந்தமானில் அமெச்சூர் ரேடியோ நிகழ்ச்சிக்காக டிசம்பரில் போயிருந்த பாரதி பிரசாத்தின் குழு, மற்ற வழிகள் விழுந்தபோது போர்ட் பிளேயரிலிருந்து செய்திகளைக் கடத்தியது. இங்கே இலங்கை ரேடியோ சங்கத்தின் விக்டர் குணதிலக்கவும் நண்பர்களும் அம்பாந்தோட்டைக்குச் செட்டுகளைக் கொண்டுபோய்க் கொழும்போடு தொடர்பு ஏற்படுத்தினார்கள். அவர்கள் பரீட்சை எழுதி லைசன்ஸ் எடுத்தவர்கள். அவர்களைத் தேடிப் பொலிஸ் வரவில்லை. அரசாங்கமே அவர்களின் செட்டை நம்பியிருந்தது.

என் மச்சான், மருமகனின் வாப்பா, இன்றும் பைபர் வள்ளத்தில் கடலுக்குப் போகிறார். அவரிடம் இருப்பது பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு போன். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் அதில் சிக்னல் இல்லை. டிட்வாவுக்கு முந்தின நாட்களில் வானம் பார்த்துத்தான் போகாமல் நின்றார். எல்லா முறையும் வானம் முன்கூட்டிச் சொல்லாது. கை விஎச்எஃப் செட் ஒன்றின் வீச்சு சில கிலோமீற்றர்தான், பெரிய அதிசயம் இல்லை. ஆனாலும் பக்கத்து வள்ளத்துக்கும், நேவிக்கும், போகிற கப்பலுக்கும் எட்டும். அதற்கும் லைசன்ஸ் வேண்டும், அலைச்சல் இருக்கிறது, கந்தோர் கந்தோராக ஏற வேண்டும். ஏறலாம்.

நேற்று இரவு மருமகனுக்கு எழுதினேன்: "ஸ்கேனர் வேணாம் மகன். அந்தக் காசுல பாதிய வாப்பாட வள்ளத்துக்கு ஒதுக்குங்க, மத்தத நான் பாக்குறேன். எனக்கு ஒண்டு அனுப்புறதெண்டா, பெட்டரியில ஓடுற சாதாரண ரேடியோ ஒண்டு அனுப்புங்க. வாப்பாவுக்கு."

பதில் உடனே வந்தது. "சரி மாமா. வாப்பா செட்டக் கொண்டுபோவாரா, இல்ல அலுமாரில பூட்டி வெப்பாரா?"

அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. மச்சானிடம் நாளைக்குத்தான் பேசப்போகிறேன். அவருக்கு உத்தியோகத்தர் யாரிடமும் கடிதம் கொடுத்து நிற்பதென்றால் புயலைவிடப் பயம்.

நம் பக்கத்தில் வள்ளத்தில் விஎச்எஃப் செட் வைத்திருக்கிறவர்கள், லைசன்ஸ் எடுத்த அனுபவம் உள்ளவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். 64 புயலைத் தலைமன்னார்ப் பக்கம் கண்ணால் கண்ட மூத்தவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து கேட்கிறேன்.