முதுமையில் எலும்பு, தசை நலம்

முதுமையில் எலும்பு, தசை நலம் என்பது அகவை கூடும்போது ஆண், பெண் இருபாலரின் எலும்புகளிலும் தசைகளிலும் ஏற்படும் மாற்றங்களையும், அவற்றின் வலுவைக் காக்கும் வழிகளையும் குறிக்கும். எலும்பின் அடர்த்தி குறைந்து, அது எளிதில் முறியக்கூடிய நிலை எலும்புப்புரை எனப்படுகிறது. தசையின் அளவும் வலுவும் குறையும் நிலை தசைநலிவு அல்லது சார்க்கோபீனியா எனப்படுகிறது. இவ்விரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. தசை நலிந்தவர் எளிதில் விழுகிறார். எலும்பு நலிந்தவர் விழுந்தால் எளிதில் முறிவு அடைகிறார். முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தோரில் கணிசமானோர் ஓராண்டுக்குள் இறக்கின்றனர். பிழைத்தோரில் பலரால் முன்போல் தனியே நடக்க இயலுவதில்லை.

உடலுழைப்பு உடையோருக்கு இந்நோய்கள் வருவதில்லை என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் எல்லா உழைப்பும் எலும்பை வலுப்படுத்துவதில்லை. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியில் நடைபெறும் தறி வேலை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஆகும்.

எலும்பில் ஏற்படும் மாற்றங்கள்

எலும்பு உயிருள்ள திசு ஆகும். பழைய எலும்பை அரிக்கும் உயிரணுக்களும் புதிய எலும்பை ஆக்கும் உயிரணுக்களும் அதில் வாழ்நாள் முழுதும் செயற்படுகின்றன. ஏறத்தாழ 30 வயதுக்குள் எலும்பின் நிறை உச்சத்தை அடைகிறது. அதன் பின்னர் அரிப்பு, ஆக்கத்தை விடச் சிறிது சிறிதாக மிகுகிறது.

பெண்களில் ஈத்திரோசன் என்னும் இயக்குநீர் எலும்பு அரிப்பைக் கட்டுப்படுத்துகிறது. மாதவிடாய் நிற்கும்போது இதன் அளவு குறைவதால், அதையொட்டிய சில ஆண்டுகளில் எலும்பிழப்பு விரைவாக நிகழ்கிறது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46-47 வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. ஆண்களில் இழப்பு மெதுவாக நிகழ்ந்தாலும், அது நின்றுவிடுவதில்லை. புகைபிடித்தல், மிகுதியான மது, நீண்டகாலம் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியன இருபாலரிலும் எலும்பிழப்பை விரைவுபடுத்துகின்றன.

தசையில் ஏற்படும் மாற்றங்கள்

30 வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை தசை நிறை குறைகிறது. 60 வயதுக்குப் பின் இது மேலும் விரைவடைகிறது. தசையின் வலு அதன் நிறையை விட வேகமாகக் குறைகிறது. விரைந்து சுருங்கும் தசை நார்களே முதலில் மெலிகின்றன. தடுக்கி விழும்போது காலை ஊன்றி உடலை நிலைநிறுத்துபவை இந்நார்களே. சார்க்கோபீனியா என்னும் பெயரை அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பர்க் 1989 இல் முன்மொழிந்தார்.

தென்னிந்திய ஆய்வுகள்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நின்ற 150 பெண்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, அளக்கப்பட்ட இடங்களுள் ஒன்றிலேனும் எலும்புப்புரை காணப்பட்டது. 2014 இல் அக்கல்லூரியினர் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், 50 வயதைக் கடந்த 252 ஆண்களுள் ஐவரில் ஒருவருக்கு எலும்புப்புரை இருந்தது. எனவே இது பெண்களுக்கு மட்டும் உரிய நோய் அன்று.

திருப்பதிப் பகுதியில் நடத்தப்பட்டு 2007 இல் வெளியான ஆய்வு, உயிர்ச்சத்து டி குறைபாடு கிராமப்புற ஆண்களில் 44 விழுக்காடாகவும், நகர்ப்புற ஆண்களில் 62 விழுக்காடாகவும் இருப்பதைக் காட்டியது. பெண்களில் இது முறையே 70, 75 விழுக்காடு ஆகும். வெயில் மிகுந்த நாட்டிலும் வெயில் உடலில் படாவிடில் பயனில்லை என்பதை இது உணர்த்துகிறது.

ஆரணியும் தறி வேலையும்

ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த நகரம் ஆகும். இங்கு நெய்யப்படும் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகட்டைகளை மிதிக்கிறார். ஒரு கை நாடாவை ஓட்டும் கயிற்றை இழுக்க, மறு கை பலகையை அடித்து ஊடை இழையை நெருக்குகிறது. பெண்கள் நெய்வதுடன் தார் சுற்றும் வேலையையும் செய்கின்றனர்.

எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது என்பதைச் செருமானிய மருத்துவர் யூலியசு வோல்ஃப் 1892 இல் விளக்கினார். நிற்கும்போதும், நடக்கும்போதும், படியேறும்போதும் உடல் எடை தொடையெலும்பின் வழியே இறங்குகிறது. தறியில் அமர்ந்திருப்பவரின் எடையை இருக்கையே தாங்குகிறது. கால்கள் நாள் முழுதும் அசைந்தாலும், அவை செய்வது பலமுறை திரும்பும் இலேசான வேலையே ஆகும். இதனால் களைப்பு மிகுதி. எலும்புக்கும் தொடைத் தசைக்கும் கிடைக்கும் தூண்டல் குறைவு.

மேலும் இவ்வேலை கூரையின்கீழ் நடப்பது. தெருவில் பாவு விரித்துச் செப்பனிடும் வேலை வெளியில் நடந்தாலும், அது பெரும்பாலும் விடியற்காலை வேலை ஆகும். தோலில் உயிர்ச்சத்து டி உருவாகத் தேவையான புற ஊதாக் கதிர்கள் முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையே மிகுதியாகக் கிடைக்கின்றன.

முதுகுவலி நெசவாளரிடையே வழக்கமானது என்பதால், முள்ளெலும்பு முறிவும் தறியால் வந்த வலி என்றே கருதப்பட்டுவிடலாம். இளமையில் இருந்த உயரத்தில் 4 செ.மீ. அல்லது அதற்கு மேல் குறைவு, புதிதாகத் தோன்றும் கூன், திடீரெனத் தொடங்கும் முதுகுவலி ஆகியவை இருப்பின் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தல் வேண்டும்.

கண்டறிதல்

எலும்பின் அடர்த்தி, இரட்டை ஆற்றல் எக்ஸ் கதிர்க் கருவியால் அளக்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 1994 ஆம் ஆண்டு வரையறைப்படி, டி-மதிப்பு -2.5 அல்லது அதற்குக் கீழ் இருப்பின் அது எலும்புப்புரை ஆகும்.

தசை வலுவை அறிய விலைமிக்க கருவி தேவையில்லை. கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர வேண்டும். இதற்கு 12 வினாடிகளோ அதற்கு மேலோ ஆனால் உடற்செயல்திறன் குறைந்துள்ளது என ஆசியப் பணிக்குழுவின் 2019 ஆம் ஆண்டு வழிகாட்டல் கூறுகிறது. கைப்பிடி வலு ஆண்களில் 28 கிலோகிராமுக்கும், பெண்களில் 18 கிலோகிராமுக்கும் குறைவாக இருத்தல் மற்றோர் அடையாளம் ஆகும்.

உணவு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வயதுவந்தோருக்கு நாளொன்றுக்கு 1000 மி.கி. கால்சியம் தேவை, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மி.கி. தேவை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மி.கி. கால்சியமும், 100 மி.லி. பாலில் ஏறத்தாழ 120 மி.கி. கால்சியமும் உள்ளன. முருங்கைக்கீரை, எள், முள்ளோடு உண்ணும் சிறு மீன்கள் ஆகியனவும் நல்ல மூலங்கள். வட தமிழகத்தில் முன்னர் அன்றாட உணவாக இருந்த கேழ்வரகுக் களியும் கூழும் இன்று பல குடும்பங்களில் ஆடி மாதக் கூழாகச் சுருங்கிவிட்டன.

முதியோருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 1.0 முதல் 1.2 கிராம் புரதம் நன்று என வல்லுநர் குழுக்கள் பரிந்துரைக்கின்றன. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது நாளொன்றுக்கு 50-60 கிராம் ஆகும். பருப்பு, பயறு, முட்டை, பால், மீன் ஆகியவற்றை ஒவ்வொரு வேளையும் சேர்த்தால் இதனை எட்டலாம். சிறுநீரக நோய் உள்ளோர் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்டுதல் வேண்டும்.

உடற்பயிற்சி

பாஸ்டன் நகரில் ஏறத்தாழ 90 வயதான முதியோர் இல்லவாசிகள் எடை தூக்கும் பயிற்சியில் ஈடுபடுத்தப்பட்டனர். எட்டு வாரங்களில் அவர்களது தொடைத் தசை வலு சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. 1990 இல் வெளியான இவ்வாய்வு, முதுமையிலும் தசை பயிற்சிக்கு ஏற்ப வளரும் என்பதை நிறுவியது.

அமர்ந்து வேலை செய்வோர் மணிக்கொரு முறை எழுந்து நடத்தல், நாற்காலியில் கையூன்றாது எழுந்து அமர்தல், படியேறுதல், சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துதல், ஒற்றைக்காலில் நிற்றல் ஆகியவற்றைச் செய்யலாம். முள்ளெலும்பு முறிவு உள்ளோர் குனிந்து பாரம் தூக்குதல் கூடாது.

மருத்துவம்

எலும்புப்புரைக்கு அலெண்ட்ரோனேட் மாத்திரை, ஆண்டுக்கொரு முறை செலுத்தப்படும் சோலெட்ரானிக் அமில ஊசி முதலியன வழங்கப்படுகின்றன. உயிர்ச்சத்து டி மாத்திரைகளை அளவின்றி உட்கொண்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகத்து 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடி வரும் இயன்முறை மருத்துவமும் இடம்பெற்றுள்ளது.

இவற்றையும் பார்க்க

எலும்புப்புரை
உயிர்ச்சத்து டி
மாதவிடாய் நிறுத்தம்
கேழ்வரகு
ஆரணி
கைத்தறி நெசவு