நீரை விலக்கியும் சேர்த்தும்: எத்தனால் தூய்மையின் வரலாறு

எத்தனாலின் வரலாறு என்றாலே பேச்சு மதுவின் பக்கம் போய்விடுகிறது. ஆனால் அதன் வேதியியலை வளர்த்தது வேறொரு சிக்கல். அதில் கலந்திருக்கும் தண்ணீரை எப்படிப் பிரிப்பது, எவ்வளவு பிரிந்தது என்பதை எப்படி அறிவது என்பதே அது. இக்கட்டுரை அந்தத் தேடலின் தடத்தைப் பின்தொடர்கிறது.

சர்க்கரையைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட், தான் உண்டாக்கும் எத்தனால் ஏறத்தாழ 15 விழுக்காட்டை நெருங்கும்போதே செயலிழக்கத் தொடங்குகிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் காய்ச்சி வடிக்க வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் சலெர்னோ மருத்துவர்கள் ஒயினிலிருந்து எரியக்கூடிய நீர்மத்தை வடித்தெடுத்தார்கள்.

அளப்பது அதைவிடக் கடினமாக இருந்தது. இங்கிலாந்தில் சாராயத்தை வெடிமருந்தில் ஊற்றிக் கொளுத்திப் பார்த்தார்கள். தண்ணீர் மிகுந்திருந்தால் மருந்து நனைந்து பற்றாது. பற்றினால் சரக்கு தேறியது. பின்னாளில் அந்த எல்லை, கன அளவில் சுமார் 57 விழுக்காடு என்று வரையறுக்கப்பட்டது. 50 மி.லி. எத்தனாலையும் 50 மி.லி. தண்ணீரையும் சேர்த்தால் 100 மி.லி. கிடைக்காது, 96, 97 மி.லி. அளவில்தான் நிற்கும், பாத்திரமும் சற்றுச் சூடாகும். இரண்டு மூலக்கூறுகளும் ஹைட்ரஜன் பிணைப்பால் நெருங்கிக்கொள்வதே காரணம். இதனால் வெறும் கூட்டல் கணக்கு இங்கே உதவாது. கே-லூசாக் 1824இல் உருவாக்கிய ஆல்கஹால்மானியும் அதற்கான அட்டவணைகளும்தான் அளவீட்டை நிலைநிறுத்தின.

தொடர்ந்து வடித்துக்கொண்டே போனாலும் முழுத் தூய்மை வராது. எடையில் 95.6 விழுக்காட்டை எட்டியதும் எத்தனாலும் மீதித் தண்ணீரும் 78.2 டிகிரி செல்சியஸில் ஒன்றாகவே ஆவியாகின்றன. இந்தச் சுவரை வெப்பத்தால் தாண்ட முடியாது என்பதால் 1796இல் தோபியாஸ் லோவிட்ஸ் வேதிப்பொருளின் உதவியை நாடினார். ஈரமற்ற காரத்தை மிகுதியாகச் சேர்த்துத் தண்ணீரை அதில் பிடித்துவைத்து, எத்தனாலை மட்டும் மெல்லிய சூட்டில் வடித்தார். 1902இல் சிட்னி யங் பென்சீனைச் சேர்த்து வடித்தபோது, தண்ணீர் பென்சீனோடு முதலில் வெளியேறியது. தொழிற்சாலைகளுக்கு வழி திறந்தது இம்முறைதான். ஆனால் பென்சீன் புற்றுநோய் தரும் பொருள். இன்று பெரும்பாலான ஆலைகளில் 3 ஆங்ஸ்ட்ராம் துளைகள் கொண்ட சியோலைட் மணிகள் அந்த வேலையைச் செய்கின்றன. சிறிய நீர் மூலக்கூறு துளைக்குள் புகுந்துவிடும், எத்தனால் புகாது.

இந்தியாவில் 2003இல் 9 மாநிலங்களில் பெட்ரோலோடு 5 விழுக்காடு எத்தனால் கலக்கத் தொடங்கியபோது இந்த உலர்த்தும் நுட்பம் சர்க்கரை ஆலைகளுக்கு இன்றியமையாததாயிற்று. ஈரம் கூடினால் எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும்.

தூய்மை கூடக்கூடப் பயனும் கூடும் என்ற எண்ணம் மருத்துவமனையில் பொய்த்துப்போகிறது. கிருமியின் புரதங்கள் சிதைவதற்குத் தண்ணீரும் தேவை. நீரற்ற எத்தனாலைவிட 60 முதல் 90 விழுக்காடு வரையிலான கலவையே கிருமிகளை நன்கு கொல்கிறது. உலகச் சுகாதார அமைப்பின் கைத்தேய்ப்புத் திரவம் 10 லிட்டர் தயாரிக்க, 96 விழுக்காட்டு எத்தனால் 8,333 மி.லி., ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசல் 417 மி.லி., கிளிசரால் 145 மி.லி. எடுத்துக்கொண்டு, மீதியைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்ப வேண்டும். இறுதிக் கலவையில் எத்தனாலின் அளவு 80 விழுக்காடு.