விதையுறையும் பெயர்சூட்டலும்: ஆலன்பியா என்னும் அழிந்த அல்லிப் பேரினம்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், பிரின்ஸ்டன் நகருக்குத் தெற்கே, சிமில்கமீன் ஆற்றங்கரையில் நிலக்கரியும் செர்ட் எனப்படும் சிலிகாப் பாறையும் மாறி மாறிப் படிந்துள்ளன. இவை ஏறத்தாழ 4.9 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட இயோசீன் காலப் படிவுகள். இங்குக் கிடைத்த விதைகளை ஆராய்ந்த செவாயோஸ்-ஃபெரிஸ், ஸ்டாக்கி ஆகிய இருவரும் 1989இல் அல்லிக் குடும்பத்தில் ஒரு புதிய பேரினத்தை நிறுவி, ஆலன்பியா காலின்சோனே எனப் பெயரிட்டனர். பேரினப் பெயர் ஆலன்பி பாறைத்தொகுதியிலிருந்து பெறப்பட்டது. சிற்றினப் பெயரோ பிரித்தானியத் தொல்தாவரவியலாளர் மார்கரெட் காலின்சனைக் குறிக்கிறது. அதனை வெறும் மரியாதைக் குறிப்பாகக் கொண்டால் அதன் வரலாற்றுப் பொருள் விடுபட்டுப்போகும்.

தென் இங்கிலாந்தின் தொல்விதைகளை எலினர் ரீடும் மார்ஜரி சான்ட்லரும் 1926, 1933ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பெருநூல்களில் விரிவாக விளக்கினர். பிரோஞ்ஞியார் முன்னரே பெயரிட்டிருந்த ஒருவகை விதையை அவர்கள் பிரசீனியா பேரினத்தில் சேர்த்தனர். பிரசீனியா இன்றும் வாழ்வது. அதில் எஞ்சியிருப்பது ஒரே சிற்றினம். காலின்சன் 1980இல் இன்றைய அல்லி விதைகளையும் தொல்விதைகளையும் ஒருங்கே வைத்து, விதையுறை உயிரணுக்களின் அமைப்பு, முளைக்கும்போது திறக்கும் மூடி ஆகியவற்றை ஒப்பிட்டார். சபிரீனியா என்னும் அழிந்த பேரினம் இம்மீளாய்வில் உருவாயிற்று. இம்மாற்றம் பெயரளவில் நிற்பதன்று. வாழும் பேரினத்தின் பெயரைத் தொல்விதைக்கு இடும்போது, அப்பேரினத்தின் வயதும் பரவலும் அவ்விதையைக் கொண்டே கணிக்கப்படுகின்றன. பெயர் பிழையாயின் கணிப்பும் பிழையாகும்.

பிரின்ஸ்டன் விதைகளுக்கு ஒரு கூடுதல் வாய்ப்பு இருந்தது. சிலிகா ஊடுருவியதால் திசுக்கள் சிதையாமல் நின்றன. அறுத்த பாறைமுகத்தை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் அரித்தால் சிலிகா கரைந்து உயிரணுச் சுவர்கள் மேலெழுந்து நிற்கும். அசிட்டோன் ஊற்றி, செல்லுலோஸ் அசிட்டேட் தாளைப் படியவைத்து உரித்தால் அச்சுவர்கள் தாளோடு வந்துவிடும். ஒரே விதையை இவ்வாறு அடுத்தடுத்துப் பல வெட்டுமுகங்களில் காண இயலும். இத்தனை நுண்சான்று கையிலிருந்தும் ஆய்வாளர்கள் அவ்விதைகளை நிம்ஃபேயா முதலிய வாழும் பேரினம் எதிலும் அடக்கவில்லை. அல்லிக் குடும்பத்துக்குரிய விதை என்பது தெளிவு. இன்ன பேரினம் என்பதற்கு ஒப்புமை போதவில்லை. காலின்சன் வகுத்த அளவுகோலே இங்குச் செயற்பட்டது எனலாம்.

சபிரீனியாவின் சிற்றினம் ஒன்றுக்குக் காலின்சன் சூட்டிய பெயர் சான்ட்லரே. பழைய வகைப்பாட்டில் பங்குகொண்டவரின் பெயரே அதன் திருத்தத்திலும் இடம்பெற்றுள்ளது.