பெயர் எழுதாத படங்கள்



வேளாங்கண்ணிக்குப் போனவர்கள் மாதா படம் ஒன்றாவது வாங்காமல் திரும்புவதில்லை. போய் வந்த இடத்தை வீட்டுச் சுவரில் வைத்துக்கொள்ளும் ஆசை மிகப் பழையது.

16ஆம் நூற்றாண்டில் உரோமைக்கு வந்த பயணிகள் அந்தோணியோ லாஃப்ரேரி என்பவரின் கடையில் படம் வாங்கினார்கள். செப்புத் தகட்டில் கீறி, கீறலில் மை நிரப்பி, ஈரத்தாளில் அழுத்தி எடுத்த படங்கள் அவை. கொலோசேயம், பாந்தியோன், வெற்றி வளைவுகள் என விரும்பியதைப் பொறுக்கி எடுத்து, ஒன்றாகத் தைத்துக்கொள்ளலாம். 1575 யூபிலி ஆண்டில், திருப்பயணிகள் சந்திக்கும் ஏழு ஆலயங்களையும் ஒரே தாளில் அச்சிட்டு விற்றார் அவர்.

தஞ்சைக்கும் அத்தகையவர்கள் வந்தார்கள். 1792இல் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் பெரிய கோயிலை வரைந்தார்கள். அது லண்டனில் அச்சாகி, 144 படங்கள் கொண்ட அவர்களது தொகுப்பில் சேர்ந்தது. 1858இல் லின்னேயஸ் டிரைப் வந்து, கோயில் அடித்தளக் கல்வெட்டை 21 புகைப்படங்களாக எடுத்து, நீளமாக ஒட்டிச் சேர்த்தார்.

அதே காலங்களில் தஞ்சை முச்சி ஓவியர்கள் வெள்ளைக்காரத் துரைமாருக்கு மனிதர்களை வரைந்து விற்றார்கள். கணவனும் மனைவியுமாக, தொழிலுக்கொரு சோடி: உழவர், குயவர், நெசவாளர். படத்தோடு சாதியும் தொழிலும் குறித்திருக்கும். ஆளின் பெயர் பெரும்பாலும் இராது. துரைக்கு அது தேவைப்படவில்லை.

ஆனால் பெரிய கோயில் கல்வெட்டோ, அங்கே பணி செய்ய ராஜராஜன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களைப் பெயரும் ஊரும் வீடும் சொல்லிக் குறிக்கிறது. ஆயிரம் ஆண்டு கடந்தும் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது.

துரைமாரைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. எங்கள் வீட்டில் ஒரு பழைய புகைப்படம் உண்டு. சம்பா அறுவடைக் களத்தில் அப்பாவின் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார். எங்கள் வயலில் அறுத்தவர் என்று தெரியும். பெயர் தெரியாது. அம்மா இருந்தபோதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் அறுத்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான்.

நம்மைத் தம் உள்ளங்கையில் பொறித்து வைத்திருப்பதாக ஆண்டவர் எசாயா வழியாகச் சொல்கிறார். அவருக்கு நாம் வகைகள் அல்ல, பெயருள்ள பிள்ளைகள்.

இந்த வாரம் வீட்டிலுள்ள பழைய படங்களை எடுங்கள். பெரியவர்களிடம் கேட்டு, ஒவ்வொருவர் பெயரையும் பின்புறம் எழுதுங்கள். ஓரத்தில் நிற்பவரையும் விட்டுவிடாதீர்கள்.