சிறைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு: ஒரு பயணம்

சிறை வாசலில் மனு பார்க்க, அதாவது கைதிகளைச் சந்திக்க, வருகிறவர்களின் கண்ணுக்குக் காக்கி எல்லாம் ஒன்றுதான். வார்டரையும் போலீஸ் என்றே நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்களைப் பூட்டி வைக்கும் சாவி சிறை அதிகாரியின் கையில் இருக்கிறது. வெளியாள் ஒருவரைக் கைது செய்ய அவருக்குள்ள அதிகாரமோ மிகச் சிறியது. அது 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் இருக்கிறது.

மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்டிருந்த சிறை நடைமுறைகளை ஒரு குடைக்கீழ் கொண்டுவர வெள்ளையர் அரசு இயற்றிய சட்டம் அது. தடை செய்யப்பட்ட பொருளைச் சிறைக்குள் கடத்துவது குற்றம் என்கிறது அதன் 42-ஆம் பிரிவு. தண்டனை 6 மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை இவ்வளவு குறைவாக இருந்ததால் சிக்கல் ஒன்று வந்தது. இத்தகைய சிறு குற்றத்துக்கு வாரண்ட் இல்லாமல் போலீஸ்கூடக் கைது செய்ய முடியாது. பீடிக்கட்டை நீட்டிவிட்டு நடையைக் கட்டுகிறவனை அப்புறம் எங்கே போய்த் தேடுவது? இதற்காகப் பிறந்ததுதான் 43.

அதன் நிபந்தனைகள் கறாரானவை. குற்றம் சிறை அதிகாரியின் கண்ணெதிரே நடக்க வேண்டும். அவர் பெயரும் முகவரியும் கேட்க வேண்டும். அந்த ஆள் சொல்ல மறுக்க வேண்டும், அல்லது சொன்னது பொய் என்று நம்ப அதிகாரிக்குக் காரணம் இருக்க வேண்டும். அப்போதுதான் பிடிக்கலாம். பிடித்தவரைத் தேவையற்ற தாமதம் இல்லாமல் போலீசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். குற்றம் தன் கண்ணெதிரே நடந்ததாகவே கொண்டு போலீஸ்காரர் மேல்நடவடிக்கை எடுப்பார். குற்றவியல் நடைமுறை விதிகளின்படி, உண்மையான பெயரும் விலாசமும் தெரிந்ததும் பிணைமுறி எழுதி வாங்கி விட்டுவிட வேண்டியதுதான். ஆக, ஆள் யார் என்று தெரிந்துகொள்வதே இந்தக் கைதின் முழு நோக்கம்.

சுதந்திரம் வந்தது; சிறைகள் மாநிலப் பட்டியலுக்குள் வந்தன. பிரிவு மட்டும் அப்படியே நின்றது. அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு அதன் மேல் ஒரு கடிகாரத்தை வைத்தது: கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

இன்றோ மனு எழுதிக் கொடுக்கும்போதே அடையாள அட்டை கேட்கிறார்கள். பெயர், ஊர், உறவு எல்லாம் பதிவேட்டில் ஏறிய பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். பெயரை மறைக்க வழியில்லாத இடத்தில் 43-க்கு வேலையும் இல்லை. இன்னொரு ஓட்டையும் உண்டு. இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சிறை ஊழியரே செல்போனைக் கடத்தினால் 42-இன் கீழ் அவரும் குற்றவாளிதான். ஆனால் அவர் பெயரும் குடியிருப்பும் எல்லோருக்கும் தெரியும். அதனால் 43 அவரைத் தொடவே தொடாது.

தப்பி ஓடும் கைதியின் விஷயம் வேறு. யார் காவலிலிருந்து ஓடினாரோ அவரே உடனே துரத்தி இந்தியாவின் எந்த மூலையிலும் பிடிக்கலாம் என்கிறது 2023-இன் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, 61-ஆம் பிரிவில். அதற்கு முன்பிருந்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 60-ஆம் பிரிவு. இது போக, ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றத்தைக் கண்ணெதிரே கண்டால் எந்தக் குடிமகனும் பிடிக்கலாம், வார்டரும் குடிமகன்தான். புதிய சட்டம் அதற்கும் கெடு வைத்திருக்கிறது: 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும்.

இங்கிலாந்து வேறு பாதையில் போனது. அங்கே 1952-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, பணியில் இருக்கும் சிறை அதிகாரிக்குக் கான்ஸ்டபிளின் அதிகாரங்கள் அனைத்தையும் கொடுத்துவிட்டது. நாம் அதைப் பின்பற்றக் கூடாது. அடைத்து வைப்பவரும் பிடித்து வருபவரும் ஒருவராகிவிட்டால், நடுவில் கேள்வி கேட்க ஆள் இருக்காது. மதில்களுக்குள் நடப்பதை வெளியே இருப்பவர்கள் அறிவது ஏற்கெனவே அரிது.

2023-இல் ஒன்றிய உள்துறை அமைச்சகம் 1894-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக ஒரு மாதிரிச் சட்டத்தை மாநிலங்களுக்கு அனுப்பியது. புதுச் சட்டம் எழுதும் மாநிலங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு குற்றத்துக்கான தண்டனையை 3 ஆண்டாக உயர்த்தினாலே போதும். வேறு ஏற்பாடு எழுதப்படாவிட்டால் வாரண்ட் இல்லாத கைதுக்கு அது கதவு திறந்துவிடும். பெயர் கேட்கும் நிபந்தனை அங்கே கிடையாது. பிடித்தவரை உடனே போலீசிடம் ஒப்படைக்கும் கடமையையாவது, நேரம் குறித்து, புதுச் சட்டத்திலும் எழுத வேண்டும்.

மனு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். எவை குற்றம், என்ன தண்டனை என்பதை ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் எழுதிச் சிறைக்கு வெளியே எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 44-ஆம் பிரிவு. அதைத் தேடிப் படியுங்கள். காணவில்லை என்றால் கண்காணிப்பாளரிடம் கேளுங்கள். பெயரும் முகவரியும் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். யாரையாவது வாசலில் பிடித்து வைத்தால், எந்தக் காவல் நிலையத்தில், எத்தனை மணிக்கு ஒப்படைக்கப் போகிறீர்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.