கம்பம் சொல்லும் இடம்: பழைய வரைபடத்தில் கல்லங்குறிச்சி

பழைய வரைபடத்தில் ஒரு சிற்றூரைத் தேடுவோர் முதலில் பற்றிக்கொள்வது பெயரைத்தான். அரியலூர் வட்டாரத்தில் அதுவே ஆகப் பலவீனமான சான்று. பெயர்த்தெடுக்க முடியாத ஒரு பொருளோடு பிணைந்த ஊர் நினைவை அதற்கு மேலாக வைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

கர்நாடகப் போர்களின் வரலாற்றை 1763லும் 1778லும் வெளியிட்ட ராபர்ட் ஓர்மின் நூலில், திருச்சியை ஒட்டிய உறையூர் ‘வாரியோர்’ என்றும் உடையார்பாளையம் ‘வாரியோர்பொல்லம்’ என்றும் வருகின்றன. எழுத்தை மட்டும் நம்பினால் பின்னதை உறையூரின் பாளையம் என்றே கொள்வோம். பாளையக்காரர், சூழ்ந்த காடு, அரியலூரோடு சேர்த்தே பேசப்படுவது ஆகியவைதாம் நம்மைக் காவிரிக்கரையிலிருந்து கிழக்கே திருப்புகின்றன.

கல்லங்குறிச்சிக்கும் இதே சிக்கல் உண்டு. ஆங்கில எழுத்தில் லகரமும் ளகரமும் ஒன்றே; இடையிலுள்ள மெல்லின எழுத்தைப் படியெடுப்பவர் விட்டுவிட்டால், அரியலூரை அடுத்த இவ்வூர் கல்வராயன் மலைப் பக்கத்துக் கள்ளக்குறிச்சியாகிவிடும்.

இங்கேதான் கம்பம் துணைக்கு வருகிறது. இவ்வூரின் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் மூலவராக வணங்கப்படுவது ஏறத்தாழ 12 அடி உயரக் கல்தூண்; அதுவே கம்பம். எங்கோ கோயில் கட்ட வண்டியில் ஏற்றிவந்த தூண், வண்டி முறிந்ததால் காட்டிலேயே கிடந்தது என்பார்கள்; தொலைந்த சினைப்பசுவைத் தேடிப்போனபோது, கன்றீன்ற பசு அதன்மேல் பால் சொரிந்து நின்றது என்றும் சொல்வார்கள். பசு நின்ற ஆண்டை இக்கதையிலிருந்து பெற முயல்வது வீண். ஆனால் கதையில் இடம் சார்ந்த செய்திகள் பல: வண்டித்தடம், தடத்தையொட்டிய காடு, மேய்ச்சல் நிலம், தூண் கிடந்த புள்ளி. வரைபடத்தில் இவை பொருந்துமிடமும் அரியலூர் வட்டாரத்தில் ஓடும் மருதையாற்றின் போக்கும் ஒத்துப்போனால், எழுத்துப்பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

நினைவு காலத்தில் தடுமாறும், இடத்தில் அவ்வளவாகத் தடுமாறாது. கங்கைகொண்டசோழபுரமே இதற்குச் சான்று. சோழர் அரண்மனை மண்ணுக்குள் போன பின்னும் மக்கள் அவ்விடத்தை மாளிகைமேடு என்றே அழைத்தார்கள். அருகிலுள்ள ஊர் இன்றும் உட்கோட்டை. 1980களில் தமிழ்நாடு தொல்லியல் துறை அந்த மேட்டைத் தோண்டியபோது செங்கல் அடித்தளங்களும் கூரை ஓடுகளும் வெளிப்பட்டன. எந்த அரசன் காலம் என்பதை மேட்டின் பெயர் சொல்லவில்லை. எங்கே தோண்ட வேண்டும் என்பதைச் சொல்லியது.

வாய்மொழி மரபை ஐயுறுவோர் அதன் காலக்குழப்பத்தையே சுட்டுவர். அது நியாயம்தான். ஆனால் காலம் பற்றிய ஐயத்தை இடத்தின் மீதும் ஏற்றுவது நியாயமன்று.

ஆனால் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டிய நிலமே இப்போது குறைந்து வருகிறது. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழமையுள்ள, சிப்பிகள் செறிந்த சுண்ணாம்புப் படிவத்துக்குப் புவியியலாளர் கல்லங்குறிச்சியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். சிமெண்ட் ஆலைகளுக்கு வேண்டிய கல்லும் அதுவே. சுரங்கம் வெட்டிய இடத்தில் ஓடையும் இல்லை, வண்டித்தடமும் இல்லை. காடுகழனிகளின் வழக்குப் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு, புல எண்ணோடு சேர்த்து இப்போதே பதிவு செய்தாக வேண்டும்.